ஜீப் வந்தால் சாத்தும் கதவு

தேயிலைத் தோட்ட லயத்தில், எங்கள் ஒற்றையறைக் காம்பிராக் கதவின் உள்தாழ்ப்பாள் தேய்ந்து பளபளவென்றிருக்கும். வளைவில் போலீஸ் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டால் அம்மாவின் கை தானாக அதற்குப் போய்விடும். லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ் விழும். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் தேடி வந்து கதவை உதைத்த காலத்துப் பழக்கம். வாசலில் துணி காயும், கூரையில் புகை போகும், ஆள் மட்டும் இருக்கமாட்டார்கள்.

இளம் பிள்ளைகளைப் போதையிலிருந்து காப்பது பற்றிப் பேசப் போலீஸ் சார்ஜன் ஐயா முதல் தடவை ஜீப்பில் வந்தபோதும் அப்படித்தான். கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். ஒருவரும் போகவில்லை. அண்ணனை அம்மா கட்டிலுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார். அவன் தூள் அடிக்கத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடுங்கிக்கொண்டு, "தண்ணி குடு தங்கச்சி" என்றவனின் வாயை அம்மா கையால் பொத்தினார். காப்பாற்ற வந்தவரிடமிருந்தே அவனை ஒளித்துக்கொண்டிருந்தோம். அது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவர் ஜீப்பைக் கீழே பெக்டரியிலேயே விட்டுவிட்டு, காலைப் பெரட்டுக்கு நடந்து வந்தார். வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடியிருந்தோம், சாத்துவதற்குக் கதவில்லை. அவர் ஹாலிஎலக்காரர், சிங்களவர், பேச்சு அச்சாக எங்கள் பேச்சு.

"போன வாரம் அதிசயம் பார்த்தேன். ஆளே இல்லாத லயத்துல அடுப்பு மட்டும் எரியுது" என்றார்.

ஓர் அக்கா விடவில்லை. "கொழுந்தெடுக்க வந்தீங்களா ஐயா? கூடை தரவா?"

"குடுங்க. எடுத்துக்கிட்டே பேசுறேன்."

சொன்னபடி கூடையை மாட்டிக்கொண்டு எங்களோடு மலையேறினார். முற்றல் இலையாகப் பிய்த்துப் போட்டார். "இது கொழுந்தில்ல ஐயா, மாட்டுக்குத்தான் ஆகும்" என்று கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். சார்ஜன் ஐயா சிரித்தபடியே, "உங்க புள்ளைங்கள புடிக்க வரலம்மா. வெளிய கொண்டுவர வந்தேன்" என்றார்.

அம்மா தன் நிரைச் செடிகள் முடியும்வரை கொழுந்தெடுத்துக்கொண்டேயிருந்தார். கடைசியில் அவர் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான் ஐயா. அடிச்சிறாதீங்க."

அவர் அண்ணனைக் கூட்டிப்போக ஆட்டோவில் வந்தார். "ஜீப்புல ஏத்துனா ஊரு வேற கதை பேசும்." பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நடுவில் ஒரு தடவை அண்ணன் ஓடி வந்துவிட்டான். திட்டாமல், வாசலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துவிட்டு, "போலாமா தம்பி?" என்று திரும்பவும் கூட்டிப்போனார். பிறகு ஒருநாள் அண்ணன் தேறி வந்தான். அவனுக்குப் பசி வந்தது. தன் ரொட்டி போதாமல் என் தட்டிலும் பிய்ப்பான். "உனக்கெதுக்கு? நீயே கொழுந்துக்கூடை மாதிரி இருக்க" என்பான். அந்தக் கேலிக்காக நான் தட்டை நகர்த்தி வைப்பேன்.

போன மாதம், தேயிலைச் செடி வெட்டப் போன கவ்வாத்து மலையில் அவனைக் குளவிக்கூட்டம் கொட்டியது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே போய்விட்டான்.

துக்கத்துக்கு வந்த ஒருவர் என் காதில், "திரும்பவும் தூளா?" என்றார். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டு, லயத்துக்கே கேட்கும்படி, "குளவி! எம்புள்ள வேலைக்குப் போன எடத்துல குளவி கொட்டிச்சு!" என்றார். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றாலும் பரவாயில்லை, அந்த நேரத்தில் எனக்கு மூச்சு வந்தது. அவன் நடுங்கிக்கொண்டு சாகவில்லை. காலையில் என் ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு, கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன்தான் செத்தான். அழும்போதெல்லாம் இதைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

கருமாதியன்று வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. பழக்கத்தில் அம்மாவின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு கதவை முழுதாகத் திறந்து, அசையாமலிருக்க அண்ணன் வேலைக்குப் போட்டுப்போன சப்பாத்தை அடியில் அண்டக்கொடுத்தார்.

"அடுப்புல தண்ணி வை புள்ள. ஐயா வாராரு."