ஓநாய்க்குப் பத்து நாள் தவணை

அந்த வீட்டில் அவளுக்குத் ‘துப்பு’ என்று பெயர். காணாமல் போன செருப்பானாலும் சரி, பால் வற்றிய ஆடானாலும் சரி, காரணம் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. கல்யாணமாகி வந்த வருஷமே மாமியார் கேலியாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. கணவன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வெளியூரில். நூற்றிருபது செம்மறிகளை அவளும் கொழுந்தனும்தான் மேய்த்தார்கள்.

ஒரு கோடையில், ஒரே வாரத்தில் மூன்று ஆடுகள் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. மூன்றாவதைப் பார்த்த காலையிலேயே கொழுந்தன் கடைக்குப் போய் விஷப் பொட்டலத்தோடு வந்தான்.

“குன்றுல ஒரு ஜோடி ஓநாய் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். செத்த ஆட்டு மேலயே தடவி வச்சிடறேன். கதை முடிஞ்சுது.”

“ஓநாய்தான்னு உனக்கு யார் சொன்னா?”

“பின்ன, முயலா வந்து கடிச்சுது?”

“பத்து நாள் குடு தம்பி. அதுவரைக்கும் ஆட்டை வீட்டுப் பக்கமே மேய்ப்போம்.”

“ஓநாய்க்கு வக்கீலா அண்ணி நீங்க?”

“இல்லப்பா. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்.”

அவள் முதல் வேலையாக, அன்று செத்துக் கிடந்த ஆட்டின் தோலை உரித்துப் பார்த்தாள். ஓநாய் வழக்கமாகக் கவ்வும் கழுத்தில் ஒரு பல்கூடப் பதியவில்லை. பின்னங்கால்களும் வாலடியும் காதும்தான் கந்தலாகியிருந்தன. கறியும் ஒரு பிடி குறையவில்லை. பசித்து வந்த மிருகம் தின்னாமல் ஏன் போகும்?

மறுநாள் குன்றேறி ஓநாய் எச்சங்களைப் பொறுக்கி வந்து தகரக் கூரையில் காயவைத்தாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “மத்த வீட்டு மருமக துணி காயப்போடறா. நம்ம வீட்டுல ஓநாய்ப் பீ காயுது!”

காய்ந்ததைக் குச்சியால் கிளறினாள். எலிப் பல், முயல் முடி, வண்டின் ஓடு, ஏதோ பழத்தின் கொட்டைகள். ஆட்டு ரோமம் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. பழமா தின்னும் ஓநாய்? அவளால் நம்ப முடியவில்லை. இன்னும் நான்கைப் பிரித்துப் பார்த்தாள், அவற்றிலும் கொட்டைகள்.

மூன்று ஆடுகளும் விழுந்த இடத்திலிருந்து கால்தடங்களைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தடங்கள் குன்றுப் பக்கம் போகவே இல்லை. நாலாபக்கமும் சுற்றிக் குழம்பி, கடைசியில் கடைத்தெருவை நோக்கித் திரும்பின. போய் நின்ற இடம் கறிக்கடையின் பின்புறம். கொட்டிக் கிடந்த கழிவுகளின் மேல் ஏழு நாய்கள் சாவகாசமாகப் படுத்திருந்தன.

கொழுந்தனைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் நாய்களையும் தடங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கடையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

கறிக்கடைக்காரர் ஆரம்பத்தில் எகிறினார். ஆடு வளர்க்கும் நாலைந்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றதும் கழிவுகளைக் குழிவெட்டி மூடச் சம்மதித்தார். நாய்கள் மெல்லக் கலைந்தன. ஆடு சாவதும் நின்றது.

ஆனால் குட்டி போடும் மாதத்தில், பட்டப்பகலில், அவள் கண் முன்னாலேயே ஓநாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியது. அவள் கத்தினாள், கம்பை வீசினாள், ஓடைவரை துரத்தினாள். பலனில்லை. பிறந்து மூன்றே நாளான குட்டி. அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தாள். யாரும் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள்:

“இது ஓநாய்தான். நானே பார்த்தேன்.”

கொழுந்தன் திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தாள்.

“இத்தனை நாள் இல்லாம இப்ப ஏன் அண்ணி எடுத்துச்சு?” என்றான் அவன்.

மறுநாள் இருவரும் ஓடைக்கு எதிர்க்கரையில் ஏறி, பாறை மேல் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். கீழே புதருக்குள் ஒரு பொந்து. வாசலில் நான்கு ஓநாய்க் குட்டிகள் ஒன்றன் காதை ஒன்று கடித்து உருண்டன.

பால் குடிக்கும் ஆட்டுக்குட்டிகளை அன்றிலிருந்து வலைப்பட்டிக்குள்ளேயே அடைத்தார்கள். ஓடைப் பக்கம் இரண்டு மாதம் மேய்ச்சலுக்குப் போவதில்லை என்றும் முடிவானது. அதன்பின் அந்த வருஷம் வேறு குட்டி போகவில்லை.

பாறைக்குப் போவதை மட்டும் அவர்கள் விடவில்லை. ஒருநாள் கொழுந்தன் அவள் முழங்கையை இடித்துக் கிசுகிசுத்தான்.

“அண்ணி, அந்தச் சின்னது மட்டும் ஏன் எப்பவும் தனியாவே உக்காந்திருக்கு?”

“அதான் எனக்கும் தெரியல. பேசாம பாரு.”