பத்துக்குப் பத்து வாங்கித் தந்த மைலேஜ்

கார் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் உட்காருகிறவன் என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாமல்கூடக் காலத்தை ஓட்டிவிடலாம். "சார், பத்துக்குப் பத்து போட்டுடுங்க" என்று பல்லைக் காட்டிக் கெஞ்சத் தெரியாவிட்டால் ஒரு மாதம் தாங்க மாட்டான். எந்தக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஏச்சு வாங்குகிறவராக இருந்தாலும் சரி, நீங்களும் என் இனம்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஒன்பது என்றால் பூஜ்யம்

வண்டியை டெலிவரி கொடுத்த மூன்றாம் நாள், கம்பெனியிலிருந்து ஒரு பெண் வாடிக்கையாளருக்கு போன் போட்டு எங்களுக்கு மார்க் கேட்பாள். பத்து என்றால் பத்து. ஒன்பது என்றால் பூஜ்யம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த மகராசன் நல்லா இருக்கட்டும்.

போன மார்ச்சில் எனக்கு இரண்டு ஒன்பது விழுந்தது. நான் திருநெல்வேலியிலிருந்து வந்து பதினாறு வருஷமாக டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். மகள் இங்கேதான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். பாதியில் வேறு ஊருக்கு இழுத்துக்கொண்டு போனால் அவள் படிப்பு என்னாவது? அது தெரிந்துதான் மேனேஜர் கன்னா ஜி டீ வாங்கிக் கொடுத்து அன்பாகச் சொன்னார்: "செல்வம் பாய், இன்னும் ஒரு ஒன்பது வந்தா நீ ஹரியானாவுல ரோத்தக் பிராஞ்ச். அங்கே காத்து ரொம்ப சுத்தம்."

குடித்தது யார்?

அந்த வாரமே ஒரு சர்தார்ஜி வந்தார். பெட்ரோல் வண்டிக்கு வெளியில் எங்கேயோ கேஸ் கிட் மாட்டியிருந்தார். ஊரெல்லாம் கேஸில் ஓட்டிவிட்டு, டிஸ்ப்ளேயில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வருகிறதே, எந்த லிட்டர் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வண்டியின் கம்ப்யூட்டர் டேங்க்குக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இஞ்செக்டர் எவ்வளவு நேரம் திறந்தது என்பதை வைத்துத்தான் செலவைக் கணக்குப் போடுகிறது. கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் இஞ்செக்டர் வேலை செய்வதாக அந்த கிட் அதை ஏமாற்றுகிறது. இதை எனக்குத் தெரிந்த இந்தியில் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அச்சா, அப்போ என் பெட்ரோலைக் குடிச்சது உங்க மெக்கானிக்!"

மாப்பிள்ளையின் இருபத்திரண்டு

நம்ம பழைய கஸ்டமர் ஞானப்பிரகாசம் சார் மத்திய அரசில் ஃபைல் தள்ளி ரிடையர் ஆனவர். மனைவி ஸ்டெல்லா சிஸ்டர், ஐ.சி.யூ.வில் காலமெல்லாம் நர்ஸாக இருந்தவர். துவாரகாவில் இருக்கும் இவர்களுடைய மாப்பிள்ளை, டீசல் வண்டியில் வேகம் கூட்டுகிற பெட்டி ஒன்றை மாட்டினார். டிஸ்ப்ளேயில் பதினெட்டு இருபத்திரண்டாக ஏறிவிட்டது. அந்தப் பெட்டி டீசலின் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். கம்ப்யூட்டரும் குறைவாக எரிந்ததாக நம்பிக் கணக்கு எழுதும். உண்மையில் கூடத்தான் குடிக்கும். அது யாருக்கு வேணும்?

மாமனார் விடுவாரா? தன் பெட்ரோல் வண்டியின் என்ஜின் சாஃப்ட்வேரை எங்கேயோ கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தார். வண்டி சீறியது, சாரும் எழுபது வயதில் சீறினார். ஆக்ஸிலரேட்டரை அந்த மிதி மிதித்தால் மைலேஜ் எப்படி நிற்கும்? பதினாலு பன்னிரண்டாகிவிட்டது. நேராக என் கவுண்டருக்கு வந்து கண்ணாடியைக் கழற்றினார்: "மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு, எனக்குப் பன்னிரண்டா? செல்வம், போன் வந்தா நான் ரெண்டுதான் போடுவேன்."

நான் செய்த புண்ணியம்

ரெண்டு! எனக்கு ரோத்தக்கின் சுத்தமான காற்று மூக்கிலேயே அடித்தது.

அந்த வண்டி டிஸ்ப்ளேயில் சின்ன வித்தியாசம் இருந்தால் சரிசெய்ய, எங்கள் ஸ்கேனரில் ஒரு திருத்த எண் உண்டு. டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். நான் என் மகளின் முகத்தை மட்டும் நினைத்துக்கொண்டு, எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினேன். பன்னிரண்டு பதினைந்தானது. சார் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்: "நல்ல வண்டிப்பா இது. ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்குது."

பாலத்தின் நடுவில்

வண்டியை டெலிவரி எடுத்த மறுநாள். மே மாதம், பகல் பதினோரு மணி. யமுனைப் பாலத்திலிருந்து சார் போன் செய்தார். வண்டி நின்றுவிட்டது. கோல் மார்க்கெட் பக்கத்துச் சர்ச்சில் அன்றைக்கு ஸ்டெல்லா சிஸ்டரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். கேனில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு பைக்கில் பறந்தேன். சிஸ்டர் பட்டுப்புடவையோடு கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றிருந்தார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. மாலை மாற்றி முடிந்துவிட்டதாம், போனில் சொல்லியிருந்தார்கள்.

"பெட்ரோல் லைட் எரியுதுன்னு மூணு தடவை சொன்னேன்," என்றார் சிஸ்டர்.

"லைட் கிடக்கட்டும். இன்னும் நாப்பது கிலோமீட்டர் போகும்னு நம்பர் சொல்லுச்சே!" என்றார் சார்.

சொல்லத்தானே செய்யும்! நான் கொடுத்த பதினைந்தை வைத்துத்தான் அந்த நாப்பதையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருந்தது. மைலேஜைத் தள்ளினால் மிச்ச தூரமும் சேர்ந்து நீளும் என்பது, பதினாறு வருஷம் இதே தொழிலில் இருக்கும் எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. அவமானத்தில் பெட்ரோலில் பாதியை ரோட்டில் ஊற்றினேன். பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நான்தான் சார் அந்த நம்பரை ஏத்தி வெச்சேன். உங்க ரெண்டு மார்க்குக்குப் பயந்து."

சார் என் தோளைத் தட்டினார். "சேச்சே! பெட்ரோல் பங்க்காரன் அளவுல ஏமாத்தினதுக்கு நீ ஏன்ப்பா பழியை ஏத்துக்கறே? உன்னை மாதிரி ஆளுக்குப் பத்துக்கு மேல மார்க் இல்லையே!" அவரை நம்ப வைக்க எனக்குத் தெம்பு இல்லை. மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்ததும் சொன்னபடியே பத்து போட்டார்.

பாலத்தில் காரில் ஏறும்போது ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் நின்று என்னைப் பார்த்தார். அவர் நம்பிவிட்டார் என்று தெரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்: "சொந்தக்காரங்க கண்ணுக்கு நல்லாத் தெரியணும்னு மானிட்டர்ல நம்பரை ஏத்தி வெச்சா, பேஷன்ட் பிழைப்பானா தம்பி?"

மறுநாளே வண்டியை வரச்சொல்லி எண்ணைப் பழையபடி பன்னிரண்டுக்கே இறக்கிவிட்டேன். டெல்லியில் உண்மையைச் சொன்னாலும் பத்துக்குப் பத்து கிடைக்கும், கேட்கிறவர் அதை நம்பாமல் இருக்கிறவரைக்கும்.