அளவு சொல்லாத தையல்காரர்

நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, முனை சேரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். தோளிலிருந்து தோளுக்கு இழுத்து இன்னொரு முடிச்சு. உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள். நெஞ்சைச் சுற்றும்போது மூச்சை மூக்கால் மட்டும் விட்டார்.

"என்னய்யா மதலை, தாலி கட்டுற மாதிரி முடிச்சு மேல முடிச்சு போடுற? டேப்பு இல்லைன்னா சொல்லு, வாங்கித் தரேன்" என்றார் தியாகராசன். குத்தகை நிலத்தில் குறுவை நெல் அறுத்து முடித்த கையோடு, மகள் கல்யாணத்துக்குச் சட்டை தைக்க வந்தவர்.

மதலைமுத்து சிரித்தார். ஊசி விழாத அளவுக்கு.

பாபநாசம் கடைத்தெருவில் மதலைமுத்து கடை போட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர் வாயிலிருந்து ஓர் அளவைக் கேட்டவர் கிடையாது. எழுதியும் வைக்க மாட்டார். ஆளுக்கு ஒரு நூல். அது ஆணியில் தொங்கும். சட்டை கைமாறியதும் நூல் வீட்டு அடுப்புக்குப் போகும். டேப்பு இருக்கிறது. மேசை இழுப்பறையில், வாங்கிய சுருள் பிரியாமல்.

இன்னொன்றும் உண்டு. யாருடைய உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச மாட்டார். மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவரிடமும் "வாங்க" என்பதோடு சரி. அவர் மனைவி மரியபுஷ்பம் நேர் எதிர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் எதிர்ப்படும் எல்லாரிடமும் "என்ன இப்புடி எளைச்சுட்டீங்க?" என்பாள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் மதலைமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார்.

இளமையில் அவர் ஆப்பிரிக்கக் கரையில் ஒரு நாட்டில் தைத்தார். அதன் பெயரைச் சொல்வதில்லை, "அங்க" என்பார். அங்கே ஒரு ஜெனரலின் ஆட்சி. இரவோடு இரவாக அரண்மனையைப் பிடித்து, காலையில் ரேடியோவில் பேசி, சாகும்வரை இறங்காத மனிதர். கடைக்குக் கடை அவர் படம் மாட்டியிருக்க வேண்டும். காலைச் செய்தியின் முதல் வரி, ஜெனரல் நலமாக இருக்கிறார் என்பது.

அரண்மனைத் தையலறையில் நாகப்பட்டினத்து யூனுஸ்தான் கட்டிங் மாஸ்டர். யூனுஸ் டேப்பைப் பிடித்து அளவைச் சொல்ல, மதலைமுத்து எழுதிக்கொள்வார். ஒரு நாள் ஜெனரலின் இடுப்பை அளந்த யூனுஸ், எண்ணைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அந்த ஊர்ப் பேச்சிலேயே, நம்மூர்ப் பாசத்தோடு, "என்னங்க இப்படி எளைச்சுட்டீங்க? நல்லா சாப்பிடுங்க" என்றார். நம் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் எவரிடமும் சொல்வதுதான். அறையில் அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

சாயங்காலம் ஓர் அதிகாரி வந்து, டீ சாப்பிடலாம் வாருங்கள் என்று யூனுஸை அழைத்தார். பக்கத்து அறைதான், செருப்பு வேண்டாம் என்றார். அந்தச் செருப்பு தையலறை வாசலில் கிடந்தபடியே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

அடுத்த கோட்டுக்கு மதலைமுத்து அளவெடுக்கப் போனார். ஜெனரல் கைகளைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடியில் இவருடைய உதடுகளையே பார்த்தபடி நின்றார். தூக்கிய கைகள் நடுங்கின. மதலைமுத்து குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். டேப்பை வைத்துவிட்டு நூலை எடுத்தார். அதன்பின் ஒவ்வொரு கோட்டுக்கும் முடிச்சு உள்ளே நகர்ந்தது. கோட்டுக்குள் பஞ்சு ஏறியது. ஜெனரலைச் சவப்பெட்டியில் வைத்தபோதும் கோட்டு நிமிர்ந்தே இருந்தது.

ஊர் திரும்பியதும் நாகப்பட்டினம் போய் யூனுஸின் மனைவி கமருன்னிஸாவைப் பார்த்தார். "அவருக்கு என்னண்ணே ஆச்சு?" என்று அவள் கேட்டாள். "தெரியலம்மா" என்றார். அதற்கப்புறம் எந்த வேலையாகவும் நாகப்பட்டினம் பஸ் ஏறியதில்லை.

அந்த ஜெனரலின் நாட்டுக்கேதான் மகன் ஆல்பின் துறைமுகக் கம்பெனி வேலைக்குப் போனான். "அந்த நாடு மட்டும் வேணாம்டா" என்றவர் காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத அப்பா பேச்சை யார் கேட்பார்கள்? போன வருஷம் ஜெனரலின் மகன் ராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடித்தார். அதிலிருந்து மதலைமுத்து போன் மணி அடித்தாலே எழுந்து நிற்கிறார்.

தியாகராசனின் நூலில் கடைசி முடிச்சு விழுந்தபோது போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, இங்க மியூசியத்துல ஜெனரலோட கோட்டு ஒண்ணு வச்சிருக்காங்க. எங்கப்பா தைச்சதுன்னு ஆபீஸ்ல சொன்னேன். அவங்க மேலிடத்துல சொல்லிட்டாங்க." பெருமையாகத்தான் சொல்லியிருப்பான். இப்போது குரலில் அது இல்லை. "ஜெனரலுக்கு சிலை வைக்கிறாங்களாம்பா. சரியான அளவு வேணுமாம். உங்கள விட்டா யாருக்கும் தெரியாதாம். மேஜர் ஒருத்தர் பக்கத்துலயே இருக்காரு."

"நீ எங்க இருக்கே?"

"அரண்மனையிலதான். காலையில கூட்டிட்டு வந்தாங்க. நல்லாதான் பாத்துக்கிறாங்க. டீ குடுத்தாங்க."

மதலைமுத்துவின் வாயிலிருந்து ஓர் ஊசி விழுந்தது.

"செருப்பு போட்டிருக்கியா?"

"என்னப்பா?"

"கால்ல செருப்பு போட்டிருக்கியான்னு கேட்டேன்."

"ஷூ போட்டிருக்கேம்பா. ஏம்பா?"

மேஜரின் குரல் நடுவில் வந்தது. அந்த மொழி மதலைமுத்துவுக்கு மறக்கவில்லை. நெஞ்சு எவ்வளவு என்று கேட்கிறார். நெஞ்சளவும் மறக்கவில்லை, கடைசி முடிச்சு எங்கே விழுந்தது என்று விரலுக்குத் தெரியும். ஆனால் அது ஒரு நோயாளியின் அளவு. மகனின் ஆட்சி சொல்லும் கதையில் ஜெனரல் நோயே அறியாதவர். மேசையில் வேலை பார்த்தபடி உயிர் விட்டவர். யூனுஸ் சொன்னதை இவர் மறுபடி சொன்னால், கேட்பவர்கள் பக்கத்தில் ஆல்பின் உட்கார்ந்திருக்கிறான்.

மதலைமுத்து ஊசிகளை உள்ளங்கையில் துப்பினார். மேசை இழுப்பறையைத் திறந்து டேப்பை எடுத்தார். தியாகராசனின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தார்.

"நாப்பத்திநாலு" என்றார். எதிர்த் தேங்காய்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"யோவ், மெதுவா" என்றார் தியாகராசன். "ஊருக்கே டமாரம் அடிக்கிற!"

தோள், கை, கழுத்து. ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னார். அங்கே ஆல்பின் மொழிபெயர்த்தான். இடுப்புக்கு வந்தபோது தொப்பையைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, "முப்பத்தாறு" என்றார்.

"முப்பத்தாறா? எனக்கா?" தியாகராசனுக்கு முகமெல்லாம் பல். "என் பொஞ்சாதிகிட்ட வந்து சொல்லுய்யா இத. ஆமா, சிலை யாருக்கு, அளவு யார்—"

மதலைமுத்து டேப்பை இறுக்கினார். தியாகராசன் அவர் முகத்தைப் பார்த்தார். கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

போனில் காகிதம் புரளும் ஓசை. மேஜர் மெதுவாக, நீளமாக ஏதோ கேட்டார். ஆல்பின் சொல்வதற்கு முன்பே மதலைமுத்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, கோட்டைப் பிரிச்சுப் பாத்தாங்களாம். உள்ள பஞ்சு நெறைய இருக்காம். நெஞ்சு நாப்பத்திநாலுன்னா பஞ்சு எதுக்குன்னு கேக்குறாரு."

தெருவில் ஒரு மினி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. யோசிக்க அவருக்குக் கிடைத்தது அது கடந்துபோகும் நேரம் மட்டும்தான்.

"மெடலுக்குன்னு சொல்லு" என்றார். "அவருக்கு எத்தன மெடலு! அந்த கனத்துக்குத் துணி தொங்கிப்போயிடும். தாங்குறதுக்குத்தான் பஞ்சு வச்சது. உடம்புக்கு இல்ல."

ஆல்பின் சொன்னான். அப்புறம் ஒரு சிரிப்பு, அதைத் தொடர்ந்து பல சிரிப்புகள். அவற்றில் ஆல்பினுடைய சிரிப்பு இருக்கிறதா என்று மதலைமுத்து காதை போனருகே கொண்டுபோனார். இணைப்பு அறுந்தது.

"உக்காருய்யா மொதல்ல" என்று தியாகராசன் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

மறுநாள் மதலைமுத்து வழக்கம்போல் கடை திறந்தார். டேப்பு மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. தியாகராசனின் துணியை நூல் முடிச்சுப்படி வெட்டினார். தொப்பைக்கு வேண்டிய இடம் விட்டிருந்தார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. யாரும் வரவில்லை. சாயங்காலம் வீட்டில் மரியபுஷ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஆல்பின் வீடியோவில் வந்தான். ராத்திரியே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். சிலைக்கு அந்த அளவே போதுமாம். இன்று வேலைக்குப் போயிருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஆபீஸ் சுவர், சுவரில் ஜெனரலும் மகனும், அந்தப் படத்துக்குக் கீழே யாரோ நடந்து போனார்கள்.

மரியபுஷ்பம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தாள்.

"என்னடா இது, இப்புடி எளை—"

மதலைமுத்துவின் கை நீண்டு போனை மூடியது. விரல்களுக்கு அடியில் ஆல்பின், "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.