சுவாமி வேண்டாமென்ற சமாதி

நான் பொய் சொன்னேன். ஒரு ஞானியின் கடைசி வார்த்தையை மாற்றிச் சொன்னேன். கொக்குவிலில் இன்று நீங்கள் பூவும் கற்பூரமும் கொண்டுபோய் வணங்குகிற அந்தச் சமாதி, என் பொய்யின்மீது எழுந்தது.

நான் உடுவிலைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண், ஓய்வுபெற்ற தாதி; ஊராருக்கு 'மிஸி'. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். எனக்கும் சுவாமிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அவருடைய காலில் ஆறாத புண் இருந்தது. அதற்கு மருந்து கட்டத்தான் முதலில் போனேன்.

மில்லடிச் சுவாமி என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். மாவும் மிளகாயும் அரைக்கும் மில்லில் மூட்டை சுமந்தவர். எப்போது சுவாமியானார் என்று எவருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் பின்பக்கக் கொட்டிலில் கண்மூடி இருப்பாராம். ஒருநாள் யாரோ ஒருவர் அருகில் போய் இருந்தார். பிறகு பத்துப் பேர். பிறகு வளவு கொள்ளாத கூட்டம்!

அவர் உபதேசம் செய்ததேயில்லை. யாராவது துயரத்தைச் சொல்லத் தொடங்கினால், "கதையாதை. இரு," என்பார். பேசாமல் உட்கார், அவ்வளவுதான். இயந்திரம் அலறும்; மிளகாய்த்தூள் கண்ணை எரிக்கும். ஆனாலும் அங்கே... எப்படிச் சொல்வேன்? நெஞ்சுக்குள் ஓயாமல் அழுதுகொண்டிருந்த ஒன்று அடங்கிப் போகும்.

முதல் நாள் புண்ணைக் கழுவியபோது எலும்பு தெரிந்தது. அதில் பாதி வலிக்கே கதறும் ஆண்களைக் கண்டவள் நான். அவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோகுதோ சுவாமி?"

"உனக்குத்தான் நோகுது, பிள்ளை."

போரின் கடைசி மாதங்களில் காணாமற்போன என் தம்பியைப் பற்றி அவரிடம் எவரும் சொல்லியிருக்கவில்லை! கட்டை முடிந்துவிட்டு எழுந்தேன். அதன்பின் மூன்று வருடங்கள்... புண்ணுக்காகவா போனேன்?

கடைசி நாள் காலை, கட்டு மாற்றும்போது மெல்லச் சொன்னார்.

"நான் போனாப் பிறகு இஞ்சை ஒண்டும் கட்டவேண்டாம் பிள்ளை. எரிச்சு, சாம்பலை அரியாலைக் கடலிலை கரைக்கச் சொல்லு. எல்லாரையும் தங்கடை தங்கடை வீட்டிலை போய் இருக்கச் சொல்லு."

"ஓம் சுவாமி," என்றேன். மதியத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

வளவு நிறைய அழுகை. எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சுவாமி கடைசியாய் என்ன சொன்னவர், மிஸி?"

என் தம்பிக்குக் கல்லறை இல்லை. போய் நிற்க ஓரிடம் இல்லை. இவரையும் கடலில் கரைத்துவிட்டால் நான் எங்கே போவேன்?

"இஞ்சையே இருக்கப்போறன் எண்டு சொன்னவர்," என்றேன்.

அவரை எரிக்காமல் அங்கேயே அடக்கம் செய்து சமாதி எழுப்பினார்கள். நான் சொன்ன அந்த வாக்கியம் இன்று சமாதிச் சுவரில் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறார்கள். பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் அங்கே அமர்ந்திருந்துவிட்டு, வந்தபோதிருந்த முகத்தோடு திரும்புவதில்லை. ஏனெனில் அந்த அமைதி இன்னும் அங்கே இருக்கிறது! பொய்யில் எழுந்த இடத்துக்கு அது எப்படி வந்தது? எனக்கு விளங்கவில்லை... மெய் சிலிர்க்கிறது, பயமாகவும் இருக்கிறது.

இந்த வருடக் குருபூசையன்று, அன்னதானம் முடிந்தபின், மில் முதலாளி நாகலிங்கம் அண்ணை என்னைத் தனியே அழைத்தார். இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார்.

"மிஸி, சுவாமி போன அண்டைக்கு விடியவே என்னட்டை ஒண்டு சொன்னவர். 'மருந்து கட்டுற பிள்ளையிட்டை ஒரு விசயம் சொல்லப்போறன். அவ அதை ஒருத்தருக்கும் சொல்லமாட்டா. நீ அவவோடை கோவிக்காதை' எண்டு. இவ்வளவு காலமும் நான் ஆரோடையும் கதைக்கேல்லை. சாக முன்னம் கேக்கவேணும் போலை கிடக்கு. அது என்ன, மிஸி?"

நான் சொல்லமாட்டேன் என்று சுவாமிக்குத் தெரிந்திருக்கிறது! என்னிடம் சொல்வதற்கு முன்பே தெரிந்திருக்கிறது! பிறகேன் என்னைத் தேர்ந்தார்? எத்தனையோ உண்மையான அடியார்கள் இருக்க, மீறப்போகிறவளிடம் ஏன் கொடுத்தார்? என் நோவுக்கு இரங்கித் தன் விருப்பத்தையே விட்டுத் தந்தாரா? அல்லது நான் மீறாமல் இருந்துவிடக்கூடும் என்று, எல்லாம் தெரிந்தும், ஒருமுறை நம்பிப் பார்த்தாரா? கோபிக்க வேண்டாம் என்றுதானே சொன்னார்... மன்னித்தேன் என்று சொல்லவில்லையே!

அண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே வாசல் அது. வாயைத் திறந்தேன்.

"மறந்துபோச்சு, அண்ணை."

அவர் கோபிக்கவில்லை. தலையை மட்டும் மெல்ல அசைத்தார். கால் தடுமாறியது, நான் கைகொடுத்தேன். சமாதியை வணங்க அவரை நானே கூட்டிப்போனேன்.