கீழே இருந்த சின்னத் தொகை

புது பிரிட்ஜின் கதவைத் திறந்தால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை குளிரோடு சேர்ந்து முகத்தில் வந்து மோதும். கொடியில் காயும் பள்ளிச் சட்டையைக்கூட உருக்காலைக் கரித்தூள் விட்டுவைக்காத கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரே வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றான எங்கள் "லைன் ஊட்டில்", ஒரு சித்திரை மாதம் முழுக்க நான் அம்மா பார்க்காத நேரமெல்லாம் அந்தக் கதவைத் திறந்து தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு நின்றேன். கரண்டு பில் ஏறுகிறதென்று அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். ஆனால் பக்கத்து வீட்டு தேவகி அக்காவும் மற்றவர்களும் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து "கொஞ்சம் உள்ள வெச்சுடு" என்று நீட்டும்போது அவள் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும். வரிசையில் எங்கள் வீட்டில் மட்டும்தான் பிரிட்ஜ்.

அது வந்தது கிரெடிட் கார்டில். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். என் நைனா கம்பி உருட்டும் ஆலையில் பர்மனென்ட் தொழிலாளி. ஒரு சம்பள நாளில் ஆலை வாசலில் குடை விரித்து, டை கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் அவரைச் "சார்" என்று கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவருடைய அப்பா நாற்று நடும் கூலிக்கு முன்பணம் கேட்டு அடுத்தவர் வாசலில் கைகட்டி நின்றவர். அந்த மனிதரின் மகனைத் தேடி வந்து, சார் என்று சொல்லிக் கடன் கொடுக்கிறார்கள் என்றால் அவர் எப்படி வேண்டாமென்பார்? நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

கடன் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது வார பைனான்ஸ்தான். வாரா வாரம் "டியூ" கட்ட வேண்டும், நாள் தவறக்கூடாது, தவறாமல் கட்டினால் கடன் ஒரு நாள் தானாகத் தீர்ந்துவிடும். கார்டு பில்லிலோ இரண்டு தொகைகள் இருந்தன: மேலே பெரிதாக ஒன்று, கீழே சின்னதாக ஒன்று. சின்னத் தொகைக்குக் குறையாமல் கட்டினால் போதும் என்று குடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எது கட்ட வேண்டியது என்று அம்மா கேட்டபோது நைனா துளி சந்தேகமில்லாமல் சொன்னார்: "மேல இருக்கறது மொதலாளிங்க கட்றது. கீழ போட்டுக்கிறான் பாரு, அது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு."

அந்தச் சின்னத் தொகையை அவர் ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை. கெடு நாளுக்கு முன்பே, குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற மாதிரி வங்கிக்குப் போவார். ஒழுங்காகக் கட்டுகிறோம், கடன் கரைகிறது என்ற தைரியத்தில் என் பள்ளிக் கட்டணம், பொங்கல் துணி, அம்மாவின் மாத்திரை எல்லாம் அதே கார்டில் ஏறின. கட்டியதில் பெரும்பங்கு வட்டிக்கே போயிற்று, மிச்சக் கடன் வட்டிக்கு மேல் வட்டியாக ஏறிக்கொண்டிருந்தது என்பதை அந்தக் குடையின் கீழ் யாரும் சொல்லவில்லை. சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

ஆலையில் ஓவர்டைம் நின்றுபோன வருடம் சின்னத் தொகையும் பெரிய தொகையாகிவிட்டது. கட்ட முடியவில்லை. வசூல்காரர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். அவர்கள் பேசும் பேச்சு தாங்காமல் நைனா தன் செல்போனை அணைத்துப் பெட்டியில் போட்டார். உடனே ஆலை கேட்டில் இருந்த போனுக்குக் கூப்பிட்டு, எடுக்கிற ஆளிடமெல்லாம் அவர் மானத்தை வாங்கினார்கள். கடைசியில் அவர் வாட்ச்மேனிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார், யார் கூப்பிட்டாலும் தான் வரவில்லை என்று சொல்லிவிடும்படி. வாட்ச்மேன் நல்ல மனிதர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு மத்தியான வேளையில், அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். தேவகி அக்கா ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் அவருடைய போனிலிருந்து ஆலை கேட்டுக்குக் கூப்பிட்டேன். இன்னாரின் பெண் பேசுகிறேன், அம்மாவுக்கு முடியவில்லை, நைனாவை அனுப்புங்கள் என்றேன்.

"போன வாரம் ஒரு பொம்பள இதையேதான் சொல்லிச்சு, பாத்தா வசூல்காரங்க ஆளு. அவரு இன்னிக்கு டூட்டிக்கு வர்ல. போன வைம்மா," என்றார் வாட்ச்மேன்.

மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் அதே பதில். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்திருந்த அம்மா, "உங்க நைனா வந்துகினு இருக்காரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் அவள் கண் வாசல் பக்கமே இருந்தது. தேவகி அக்காவின் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, விஷயம் தெரிந்து, சைக்கிளை மிதித்து ஆலைக்கே போய்ப் பார்த்தால் நைனா உள்ளேதான் இருந்தார், கேட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கம்பி அடுக்கிக்கொண்டு. அவர் வந்து சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

நைனா முன்னமே வந்திருந்தாலும் அம்மா பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். நைனா அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. மறுநாள் வாட்ச்மேன் வந்து, சாவு வீட்டுக்குள் வர மனமில்லாமல் தெருமுனையிலேயே நின்று அழுதுகொண்டிருந்தார். நைனா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இன்னாப்பா பண்ணுவ? நான் சொன்னததான செஞ்ச."

பி.எஃப். பணத்தைப் போட்டு நைனா அந்தக் கடனை ஒருவழியாக முடித்தார். இன்று எனக்கும் சம்பளம் வருகிறது, என்னிடமும் ஒரு கார்டு இருக்கிறது. அடுத்த மாதம் முழுதாகக் கட்ட முடியாத எதையும் அதில் வாங்குவதில்லை. பில் வந்தால் மேலே உள்ள தொகையைத்தான் கட்டுகிறேன். இவ்வளவுதான் விஷயம். இதைக் கற்றுக்கொள்ள எங்கள் வீட்டுக்கு ஆன செலவுதான் அதிகம்.

லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. ஆலை கைமாறி, பழைய கேட்டும் போனும் போய்விட்டன. நைனா திருநின்றவூரில் என்னோடு இருக்கிறார். கார்டு வேண்டுமா, லோன் வேண்டுமா என்று யார் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தெரியாத எண் என்றால் நான் துண்டித்துவிடுவேன். நைனா துண்டிக்க மாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சோற்றுக் கையோடு எழுந்து போய், இடது கையால் போனை எடுத்து, யார் என்னவென்று கேட்கும் முன்பே அவசரமாகச் சொல்வார்:

"இருக்கேம்மா. நான் இங்கதான் இருக்கேன், சொல்லு."