கிணற்றடியில் ஓர் அலங்காரச் செடி

ஐம்பது வயதில் அலங்காரச் செடியைக் கடித்தவன் எங்கள் குடியேற்றத் திட்டத்தில் நான் ஒருவன்தான். அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனும் நான்தான்.

மழை பொய்த்து, விதைத்த வயல் காய்ந்து கிடந்த நாட்கள் அவை. பார்த்துப் பார்த்துக் கண் களைத்துவிட்டது. பச்சையாக ஏதாவது வேண்டுமென்று, வெள்ளைப் புள்ளி விழுந்த அகன்ற இலைச் செடியொன்றைக் கண்டியிலிருந்து கொண்டுவந்தேன். நிழலும் ஈரமும் வேண்டும் என்றது புத்தகம். இரண்டும் இருந்த ஒரே இடம், கிணற்றில் குளித்த தண்ணீர் ஓடும் வாழையடி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்குக் கிணற்றடியில் முளைப்பதெல்லாம் கறிக்குத்தான்.

பக்கத்துக் காணிக் கந்தையா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“அண்ணை, உது சேம்போ? பிள்ளையளுக்குக் கறி வைக்கலாமோ?”

“சேம்புக்குப் பெறாமகன், ஒரே குடும்பம். ஒண்டும் செய்யாது” என்று சொல்லி, தண்டில் ஒரு துண்டைக் கடித்தும் காட்டினேன்.

வாய்க்குள் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. நாக்கு வீங்கித் தொண்டையை அடைத்தது. கந்தையாதான் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனான். “பிள்ளையள் திண்டிருந்தால் என்ன செய்வியள்?” என்று வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி கேட்டார். வீங்கிய நாக்கோடு இரண்டு நாள் கதைக்க முடியாமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் வீடு வந்ததும் செடியைச் சாடிக்கு மாற்றி முன்வாசல் நிழலில் வைத்தேன். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இலை நறுக்கினால் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுகிறேன். வருகிறவர்களிடம் முதலில் நஞ்சு என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரக் கதிரை போடுகிறேன்.

நான் வீடு வந்த அன்று சாடியைப் பார்த்துக்கொண்டு நின்ற கந்தையா சொன்னான்: “அண்ணை, நீங்கள் கதையாமல் கிடந்த ரெண்டு நாளும் நல்ல மழை. வயலுக்கு இன்னும் காணாது. இன்னொருக்காக் கடிச்சுப் பாக்கேலாதோ?”