பாட்டுக்கு முன் பதினோரு வேலைகள்

ஒரு பாட்டைக் கேட்க எனக்குப் பதினோரு வேலைகள் இருந்தன. மாடி அறைக் கணினியில் தேவையில்லாததை எல்லாம் நிறுத்த வேண்டும். இணையத்தில் பாட்டைத் தேடிப் பிடித்து, அந்தச் சிறப்பு மென்பொருளுக்குள் கொண்டுவந்து போட வேண்டும். முழுப் பாட்டும் நினைவகத்தில் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு இணையத்தைத் துண்டித்து, திரையையும் அணைத்துவிட்டு உட்கார வேண்டும். அந்த மென்பொருளில் படம் கிடையாது, பாடியவர் பெயர்கூடக் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, அம்புட்டுத்தான். கைபேசியில் விரல் வைத்தால் பாடுகிற அழகான மென்பொருளும் என்னிடம் இருந்தது. ஆனால் அதில் ஒலி ஒரு பிடி மங்கல் என்று நானே தீர்ப்பு எழுதி ஒதுக்கிவிட்டேன். செம்பட்டியில் மாட்டு மருந்து விற்கிறவனுக்கு இப்படி ஒரு காதா என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

என் மனைவிக்குப் பாட்டு இல்லாமல் வேலை ஓடாது. "ஏங்க, செத்த நேரம் பாட்டு போடுங்களேன்" என்பாள். நான் மாடிக்குப் போய்ப் பதினோரு வேலைகளையும் முடிப்பதற்குள் அவள் குழம்பை இறக்கிவிட்டுத் துணி துவைக்கப் போயிருப்பாள். அவசரப்பட்டால் நல்ல ஒலி கிடைக்குமா என்று அதற்கும் நான் அவளிடமே கோபித்துக்கொள்வேன்.

போன சித்திரையில் அவளுக்குக் காய்ச்சல். வீட்டில் தனியாக இருந்தவள் கடைக்கு போன் செய்தாள்.

"நானே போட்டுக்கிறேன். எங்கன அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

கடையில் நாலு பேர் நின்றார்கள். மருந்தை எடுத்துக் கொடுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில், ஒலியை எதுவும் தொடாமல் அப்படியே அனுப்பும் ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னேன். என்னைப் போன்ற ஒலிப் பைத்தியங்களுக்கு அதுதான் உயிர். அதை அமுக்கினால் மென்பொருளில் வைத்த சத்த அளவும் செல்லாமல் போய்விடும். ஆம்ப்ளிஃபயரில் முதலில் குறைத்தாக வேண்டும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். முழு சத்தமும் இறங்கியது. போனிலேயே கேட்டது. ஒரு ஸ்பீக்கருக்குள் இருந்த காகிதக் கூம்பு கிழிந்தே போனது.

"உன்னை யாரு அதைத் தொடச் சொன்னா?" என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் வரவில்லை, பெருக்குவதற்குக்கூட. தப்பு யாருடையது என்று அன்று வீடு திரும்பும்போதே எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. சித்திரை போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் கடைப் பக்கம் மின்தடை. மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வீட்டிலும் மின்சாரம் இல்லை. அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கைபேசியை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்திருந்தாள். அதில் ஒரு பழைய பாட்டு. ஸ்பீக்கருக்குப் புதிதாக எந்த ஒயர் வாங்கினாலும் நான் போட்டுப் பார்க்கிற அதே பாட்டு. சரணம் தொடங்கும் முன் அவள் கை அப்படியே நின்றது. பிறகு உரித்தாள். பாட்டு முடிந்ததும் மறுபடி போட்டாள். அதே இடத்தில் மறுபடி கை நின்றது.

"எதுக்குக் கைய நிறுத்துறே?" என்று கேட்டேன்.

"இங்கன பாடுற அந்தம்மா மூச்சை இழுக்கும். அரை மூச்சுதான். பத்தாதுன்னு அதுக்கே தெரியும். தெரிஞ்சேதான் மேல போகும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பக்குன்னு இருக்கும்."

டம்ளருக்குள் பாடுகிற போனில் மூச்சு கேட்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மின்சாரம் வந்ததும் மாடிக்குப் போய்ப் பதினோரு வேலைகளையும் முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

இருந்தது. அரை மூச்சு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்தப் பாட்டை எத்தனை நூறு முறை கேட்டிருப்பேன்! தபேலா இடப்பக்கம் கேட்கிறதா, ஜால்ரா கணீரென்று விழுகிறதா என்று ஒலியைத்தான் சோதித்திருக்கிறேன். பாடுகிற அம்மாவை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அழகான மென்பொருளிலும் போட்டுப் பார்த்தேன். அதிலும் அந்த மூச்சு இருந்தது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளை அன்றுதான் நான் அண்ணாந்து பார்த்தேன். இப்படி ஒரு காதை அடுப்படியில் உட்கார வைத்துவிட்டு, மேலே நான் யாருக்காக ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன்?

சாம்பல் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கினேன். மற்ற நாளுக்கு அழகான மென்பொருள். சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாதபடி வரம்பு வைத்து, மாடி ஸ்பீக்கர்களை அவள் கைபேசியோடு இணைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் நாலு நாளாகியும் மாடிக்கு வரவில்லை. குறை மென்பொருளில் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஐந்தாம் நாள் கடைக்குக் கிளம்பியவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பி வந்தேன்.

"அன்னிக்குத் தப்பு உம்மேல இல்ல. சத்தத்தக் குறைக்கச் சொல்ல நாந்தான் மறந்துட்டேன். அத்தன பேரு முன்னாடி உன்னயத் திட்டிட்டேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"தெரியும். அந்தப் பொத்தானைப் பத்தி மறுநாளே போன்ல தேடிப் படிச்சிட்டேன். நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்."